வாயைப் பார்த்து வரும் கோபம்

சொன்னவர் எவரென்று பாராமல் சொல்லப்பட்ட விடயத்தை ஆராய வேண்டும் என்ற கருத்துடைய குறளைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பரீட்சையில் அது வரும். பிள்ளைகளும் பிழையில்லாமல் பொருள் எழுதிவிடுவார்கள். ஆனால் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே பெரியவர்களாகிய எமது நடைமுறை இதற்கு நேர்மாறானது. அரசியலில் இறங்கிய பெண்கள்மீது வீசப்படும் இழிசொற்களை நாம் எதிர்கொள்ளும் முறையைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். என்ன சொல்லப்பட்டது என்பது எமது முதற் கேள்வியல்ல. யார் சொன்னார், யாரைச் சொன்னார் என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை கிடைத்த பின்னர்தான் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தீர்மானிக்கிறோம்.

மடுல்சீமைக் கடைவீதி சிறியது. முஸ்லிம் வர்த்தகர்களும், சம்பள நாளில் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் தமிழர்களும், சுற்றுக் கிராமங்களின் சிங்களவர்களும் ஒரே தேநீர்க் கடையில் அமர்ந்து பேசுவார்கள். பாராளுமன்றத்தில் ஒரு பெண் உறுப்பினர் அவமதிக்கப்பட்டால் அந்த ஒரே செய்திக்கு அங்கே மூன்று விதமான முகபாவங்களைக் காணலாம். தம்மவள் என்றால் ஆத்திரம், மற்றவள் என்றால் இளநகை, தம்மவரே பேசியிருந்தால் மௌனம். கொழும்பிலும் சென்னையிலும் நடப்பது இதன் பெரிய வடிவம்தான்.

2012 ஆம் ஆண்டு நடந்த ஒன்றை நினைவூட்டுவது பொருத்தம். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் குமார வெல்கமவிடம் ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர் ரோசி சேனாநாயக்க பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். அமைச்சர் கேள்விக்கு விடை சொல்வதை விட்டு, கேட்டவரின் அழகைப் பற்றியும் அது தம் மனதில் எழுப்பும் உணர்வுகளைப் பற்றியும் பேசத் தொடங்கினார். மக்கள் பிரதிநிதியாக எழுந்து நின்றவரைக் காட்சிப் பொருளாக அமரச் செய்யும் முயற்சி அது. எதிரணியினர் கண்டித்தனர்; அது நியாயமானதே. ஆனால் பின்னர் நடந்ததையும் பார்க்க வேண்டும். வெல்கம ராஜபக்ச அணியிலிருந்து விலகி அதன் கடும் விமர்சகரானார். 2020 இல், ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து பிரிந்தோர் அமைத்த ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலிலேயே களுத்துறையில் போட்டியிட்டு வென்றார். 2024 செப்டெம்பரில் அவர் காலமானபோது அவருடைய நேர்மையும் துணிவும் பலராலும் போற்றப்பட்டன. அவருக்கு அந்தக் குணங்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. அன்று கொதித்த அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, அந்தப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக நானறியேன். அணி மாறியதும் வார்த்தையும் மன்னிக்கப்பட்டுவிட்டது. மன்னிக்கும் உரிமை இருந்தது ஒரு பெண்ணுக்கு. பயன்படுத்திக்கொண்டது ஒரு கட்சி.

2021 இல் மாத்தளை மாவட்ட உறுப்பினர் ரோஹினி குமாரி விஜேரத்னவை நோக்கி ஆளுங்கட்சி உறுப்பினர் திஸ்ஸ குட்டியாராச்சி பேசிய இழிவான பேச்சு, 2022 போராட்ட காலத்தில் ஹிருணிகா பிரேமச்சந்திரவின் உடலைக் கேலி செய்து பரப்பப்பட்ட படங்கள் என்று பட்டியல் நீள்கிறது. தமிழர் தரப்பும் இதற்கு விலக்கல்ல. 2025 மார்ச்சில் யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் இராமநாதன் அர்ச்சுனா பெண்களை இழிவுபடுத்திப் பேசியதன் காரணமாக, எட்டு அமர்வு நாட்களுக்கு அவருடைய உரைகளை நேரடியாக ஒளிபரப்புவதைச் சபாநாயகர் நிறுத்தினார். சிங்கள உறுப்பினர் ஒருவர் அவ்வாறு பேசியிருந்தால் தமிழ்ப் பெண்மைக்கு இழுக்கு என்று துள்ளியெழுந்திருக்கக்கூடிய பலர், எங்கள் பிரச்சினைகளை அஞ்சாமல் பேசுகிறவர் என்று அவருக்காக வாதாடினார்கள்.

இந்தச் சம்பவங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது, சூழல் வேறு, ஆள் வேறு என்று தப்பித்துக்கொள்ள இடமுண்டு. ஆகவே ஒரே நாளில், ஒரே செயலைச் செய்தவர்கள் விடயத்தில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று பார்ப்போம். 2020 ஒக்டோபர் 22 ஆம் திகதி அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிரணியிலிருந்த எட்டுப் பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். அவர்களில் அறுவர் முஸ்லிம் உறுப்பினர்கள். ஒருவர் எமது பதுளை மாவட்டத்தின் அரவிந்தகுமார். எட்டாமவர் தேசியப் பட்டியல் உறுப்பினர் டயனா கமகே. ஏழு ஆண்கள், ஒரு பெண். செயல் ஒன்றுதான். மக்களின் ஆணையைக் கைமாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டும் எட்டுப் பேருக்கும் பொதுவானது.

அந்த நாட்கள் எமது சமூகத்தின் நெஞ்சில் நெருப்பெரிந்த நாட்கள். கொரோனாவில் மரணித்த எம்மவர்களின் ஜனாஸாக்கள் பலாத்காரமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அதைச் செய்த அரசாங்கத்துக்கே எம் பிரதிநிதிகள் கைதூக்கினார்கள் என்ற ஆத்திரம் நியாயமானது. அந்த ஆத்திரம் பேசிய மொழிதான் இங்கு எமது ஆராய்ச்சிக்குரியது.

டயனா கமகே மீது பொழியப்பட்டவை அவருடைய வாக்கைப் பற்றியவையாக இருக்கவில்லை. உடை, ஒப்பனை, நடத்தை என்றே பேச்சு போனது. ஒரு பெண் கட்சி மாறினால் அவள் எதை விற்றிருப்பாள் என்று கேட்டுச் சிரிக்கும் வழக்கமான குரூரம் அதில் இருந்தது. சரி, ஆண்களை எப்படி ஏசினோம்? காட்டிக்கொடுத்தவர்கள், விலைபோனவர்கள் என்பவை அரசியல் வசைகள், அவற்றை ஏற்றுக்கொள்ளலாம். அவற்றோடு நின்றோமா? சேலை உடுத்திக்கொள்ளுங்கள், வளையல் போட்டுக்கொள்ளுங்கள், பொட்டைகள் என்றும் ஏசினோம். அதிலும் ஆத்திரம் தீராதபோது அரசியல் விபச்சாரம் என்று எழுதினோம். ஆகவே பெண்ணை ஏசுவதற்கும் பெண்தான் வேண்டியிருந்தாள், ஆண்களை ஏசுவதற்கும் பெண்தான் வேண்டியிருந்தாள். ஏழு ஆண்கள் செய்த தவறுக்கு, அந்த வாக்கெடுப்போடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத, வளையல் போட்ட அத்தனை பெண்களும் உவமையாகி நின்றார்கள்.

இலக்கியவாதிகளாகிய நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. அரசியல் விபச்சாரம் என்ற சொற்றொடரை அரசியல்வாதி கண்டுபிடித்துத் தரவில்லை. பத்திரிகைத் தலையங்கங்களிலும் கவியரங்குகளிலும் புதுக்கவிதைகளிலும் அதை வழக்காக்கியவர்கள் எழுதுகிறவர்கள்தாம். கொள்கை மாறுகிற தலைவனை வேசியென்று முடிக்கும் கவிதைகள் எத்தனையோ வந்துள்ளன. அந்த உவமையில் உள்ள அநீதியைக் கவனியுங்கள். பசிக்காக உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவள் ஒருத்தி. பதவிக்காகவும் பணத்துக்காகவும் பல்லாயிரம் பேரின் நம்பிக்கையை விற்பவன் ஒருவன். இவ்விருவரில் எவர் பெயரால் எவரை இழிவுபடுத்துவது? அவளை அளவுகோலாக்கி அவனை அளப்பதால் அவனுடைய குற்றம் சிறுத்துப் போகிறது. அவளுடைய துயரம் அசிங்கமாகிறது. கவிதை என்ற அளவிலும் இது தேய்ந்துபோன உவமை. புதிதாக ஒன்றைக் காண முடியாதவரே கைக்கெட்டிய பெண்ணைப் பிடித்து இழுக்கிறார்.

அப்படியாயின் பெண் அரசியல்வாதிகளைக் கடுமையாக விமர்சிக்கக் கூடாதா என்று ஒரு கேள்வி எழலாம். தாராளமாக விமர்சிக்கலாம். டயனா கமகேயின் பிரஜாவுரிமை பற்றிய கேள்வி அரசியல் கேள்வி. அது நீதிமன்றத்துக்குப் போனது. 2024 மே மாதம் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் அவர் தம் ஆசனத்தை இழந்தார். அவருடைய உடையைப் பற்றிய பேச்சு எந்த மன்றத்துக்கும் போகவில்லை, போகவும் முடியாது. ஏனெனில் அதில் குற்றச்சாட்டே இல்லை.

மலையகத்தாருக்கு இன்னொரு உதாரணம் நன்கு விளங்கும். 1960 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க தேர்தல் களத்துக்கு வந்தபோது, அழுகிற விதவை என்று எதிரணியினரும் பத்திரிகைகளும் பரிகசித்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் அவர் உலகின் முதற் பெண் பிரதமரானார். 1964 ஒக்டோபரில் அவர் சாஸ்திரியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எம் மக்களைக் கேட்காமலேயே தீர்மானித்தது. ஊவாத் தோட்டங்களிலும் குடும்பங்கள் பிரிந்தன, லயங்கள் வெறுமையாயின. அக்காலத்து வசைகளில் அவருடைய விதவைக் கோலமும் சேர்ந்தே இருந்ததை முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரைக் கண்டிக்க அந்த ஒப்பந்தம் ஒன்றே போதும். அதனோடு தாலியைச் சேர்த்தபோது குற்றம் கனக்கவில்லை. மாறாக, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மற்றவரும், அதற்கு முன் 1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்த ஆண்களும் பேச்சிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். இழிசொல் அநியாயமானது மட்டுமல்ல, அது உண்மையான குற்றவாளிகளை மறைத்தும் விடுகிறது.

தமிழகத்தைப் பார்ப்போம். 2018 ஏப்ரலில் பாரதிய ஜனதாக் கட்சியின் எச். ராஜா, கனிமொழியின் பிறப்பைச் சுட்டி இழிவாக எழுதினார். அது பொறுக்க முடியாதது என்று தி.மு.க.வினர் எழுந்தார்கள். அவ்வழக்கில் 2024 டிசம்பரில் ராஜாவுக்குச் சென்னை நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2022 ஒக்டோபரில் தி.மு.க. பேச்சாளர் சைதை சாதிக், பாரதிய ஜனதாவில் சேர்ந்திருந்த குஷ்பு உள்ளிட்ட நடிகைகளைக் கீழ்த்தரமாகப் பேசினார். இப்போது எழுந்தவர்கள் பாரதிய ஜனதாவினர். 2018 இல் அவர்களில் எத்தனை பேர் எழுந்திருந்தார்கள் என்று கேட்டால் விடை வராது. சாதிக் என்ற பெயரைக் கண்டதும் எம்மவரில் சிலர் அவருக்காகச் சமாதானம் சொல்ல முற்பட்டதும் இதே நோயின் அறிகுறிதான்.

இந்த வழக்கத்துக்குப் புறம்பாக நடந்துகொண்டவரையும் சொல்ல வேண்டும். 2022 இல் தம் கட்சிக்காரர் பேசியதற்காக, எதிர்க்கட்சியைச் சேர்ந்த குஷ்புவிடம் கனிமொழி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2025 ஏப்ரலில் அமைச்சர் பொன்முடி மேடையொன்றில் பெண்களையும் சமயங்களையும் இணைத்து ஆபாசமாகப் பேசியபோது, அதே கட்சியின் கனிமொழி அதைக் கண்டித்தார். பொன்முடி கட்சிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அம்மாத இறுதிக்குள் அமைச்சர் பதவியையும் இழந்தார். இழிசொல்லின் கசப்பைத் தாமே அருந்தியவர், அதை மற்றொருத்திக்கு ஊற்ற தம் வீட்டாரையும் விடவில்லை. இது அரிதாக நடப்பதால்தான் நினைவில் நிற்கிறது.

மீண்டும் எமது ஊவாவுக்கு வருகிறேன். 2018 ஜனவரியில், பதுளைத் தமிழ் மகளிர் மகா வித்தியாலயத்தின் பெண் அதிபர், அன்றைய முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்கவின் முன் மண்டியிட வைக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. பிள்ளையொன்றைப் பாடசாலையில் சேர்க்க மறுத்ததே காரணம் எனப்பட்டது. முதலமைச்சர் அதை மறுத்தார். மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பை அவர் விட நேர்ந்தது. முதலமைச்சர் பதவி போகவில்லை. உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்ததால் எல்லா மேடைகளிலும் அந்த அதிபரின் கண்ணீர் பேசப்பட்டது. தேர்தல் முடிந்ததும் மேடைகள் கழற்றப்பட்டன. 2020 இலும் 2024 இலும் அவரை எமது மாவட்டமே பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

அதே 2018 இன் ஏப்ரலில், திருகோணமலையில் மற்றொரு மகளிர் பாடசாலையின் வாசலில், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக்கூடாதென்று ஆர்ப்பாட்டம் நடந்தது. இரண்டு சம்பவங்களிலும் அவமானப்பட்டவர்கள் கற்பிக்கும் பெண்கள். இரண்டும் ஒரே ஆண்டின் நான்கு மாதங்களுக்குள் நடந்தவை. ஆனால் பதுளை அதிபருக்காக ஜனவரியில் கொதித்த தமிழ்க் குரல்களில் பெரும்பாலானவை ஏப்ரலில் அடங்கிவிட்டன. அபாயாவுக்காக ஏப்ரலில் கொதித்த எமது குரல்கள் ஜனவரியில் எங்கே இருந்தன என்று அவர்கள் கேட்டால், எம்மிடமும் தக்க விடை இல்லை. ஒருத்தி தமிழ் அதிபராகவும் மற்றவர்கள் முஸ்லிம் ஆசிரியைகளாகவும் மட்டுமே எம் கண்களுக்குத் தெரிந்தார்கள்.

இனி எம் வீட்டுக்குள் வருவோம். 2013 இல் பொது பல சேனாவின் மேடைகளில் எம் பெண்களின் உடையைக் கோனிபில்லா என்று ஏளனம் செய்தார்கள். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. ஆனால் பொதுவாழ்வுக்கு வரும் எமது பெண்ணை நாம் அழைக்கும் பெயர்கள் என்ன? 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் திருத்தம் வேண்டும் என்று கேட்ட பெண்களின் கருத்தை ஏற்காதிருக்க எவருக்கும் உரிமையுண்டு. அதற்கு வாதம் இருக்கிறது, கிதாபு இருக்கிறது. ஆனால் அப்பெண்கள் கேட்டதென்னவோ வாதத்தை விட வசையைத்தான். வெளிநாட்டுக் காசுக்கு ஆடுகிறவர்கள், வெட்கங்கெட்டவர்கள், அடக்க ஆளில்லாதவர்கள் என்ற சொற்களைப் பேசியவர்கள் வெளியார் அல்லர்.

2000 செப்டெம்பரில் எம்.எச்.எம். அஷ்ரஃப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த பின் பேரியல் அஷ்ரஃப் அரசியலுக்கு வந்தார். பெண் தலைமை மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி உடனே எழுந்தது. மார்க்கக் கேள்வியென்றால் அது எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக அல்லவா இருக்க வேண்டும்? அதற்கு முன்பும் பின்பும் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க தலைமை தாங்கிய அமைச்சரவையில் அமர எம் தலைவர்கள் எவருக்கும் அந்தக் கேள்வி தடையாகத் தோன்றவில்லை. பாகிஸ்தானிலும் இதே கதைதான். 1965 இல் அய்யூப் கானுக்கு எதிராக பாத்திமா ஜின்னா ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது மௌலானா மௌதூதியின் ஜமாஅத்தே இஸ்லாமி அவரை ஆதரித்தது. பெண் ஆட்சி கூடாதென்ற பத்வா எதிர்த்தரப்பிலிருந்து வந்தது. 1988 இல் பேநசீர் பூட்டோ வந்தபோது அதே ஜமாஅத் எதிரணியில் நின்றது. அந்த அணிக்கு மார்க்கத் தடை மீண்டும் ஞாபகத்துக்கு வந்தது.

எழுத்துலகிலும் இதைக் கண்டோம். கவிஞர் சல்மா 2001 இல் தம் ஊரின் உள்ளூராட்சித் தலைவரானார். 2004 இல் இரண்டாம் ஜாமங்களின் கதை வெளிவந்தது. நாவலில் குறை காணலாம். சமூகத்தை ஒருபக்கமாகக் காட்டிவிட்டார் என்றும் வாதிடலாம். அது விமர்சனம். நாவலை மூடி வைத்துவிட்டு எழுதியவரின் ஒழுக்கத்தை ஆராய்ந்தவர்கள் செய்தது விமர்சனமல்ல. 2025 இல் அவர் இந்திய மாநிலங்களவைக்குச் சென்றபோது, எங்கள் கவிஞர் என்று பெருமைப்பட எமக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் அளவுகோல் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் சரி என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து விலக்கிவிட வேண்டாம் என்பது அல்மாயிதாவின் எச்சரிக்கை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள்மீது அவதூறு பரப்பப்பட்டபோது இறங்கிய அந்நூர் வசனங்கள், அதைப் பரப்பியவர்கள் வேற்றாரல்லர், உங்களிலேயே ஒரு கூட்டத்தார்தாம் என்று முதலில் சுட்டிக்காட்டின. அந்தப் பேச்சில் சிக்கியவர்களில் ஒருவர் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரழி). இஸ்லாத்தில் கவிதைக்கு இடமுண்டு என்று வாதிட நாம் முதலில் எடுத்துக்காட்டும் பெயர் அவருடையது. கவிஞனின் நாவுக்கும் வழுக்கல் உண்டு என்பதற்கும் அவரே சான்றாகிறார். பிற்காலத்தில் ஹஸ்ஸானை ஒருவர் ஏசியபோது, அதைத் தடுத்தவர் அன்னை ஆயிஷாதான். நபி (ஸல்) அவர்களைத் தம் கவிதையால் காத்தவர் என்று அவருடைய நற்பணியை நினைவூட்டினார்கள். தம்மைப் புண்படுத்தியவர் விடயத்திலும் தராசு சாயாமல் பிடித்த கை அது.

எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது என்ன? ஓர் இழிசொல் காதில் விழும்போது பேசியவரின் பெயரையும் பேசப்பட்டவளின் பெயரையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் அதே அளவு கோபம் வந்தால் அது நியாயமான கோபம். குறைந்தால், அது எமது கட்சியின் அல்லது இனத்தின் கோபம். இரண்டாவதாக, வளையலையும் சேலையையும் விபச்சாரத்தையும் உவமையாகக் கொண்டு வரும் அரசியல் கவிதைகளை எமது சஞ்சிகைகள் திருப்பியனுப்பலாம். கவிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வேறு உவமை தேடுவார்கள், கவிதையும் தேறும்.

இதில் இன்னொரு அவசரமும் உண்டு. உள்ளூராட்சி மன்றங்களில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற சட்டம் 2018 இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஊருக்கு ஊர் பெண்கள் மன்றங்களில் அமர்ந்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவாகி, பாராளுமன்றம் சென்ற முதல் மலையகத் தமிழ்ப் பெண்களானார்கள். கொழுந்து மலையில் கங்காணியின் ஏச்சைக் கேட்டு வளர்ந்த சமூகம் அது. இவர்களுடைய அரசியலை நாம் ஏற்கலாம், எதிர்க்கலாம்; நாளை இவர்கள் தவறு செய்தால் கடுமையாகக் கேட்கவும் வேண்டும். அதற்கான மொழியை இன்றே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டியது எமது பொறுப்பு. எமது வகுப்புகளில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் குறளை அவர்களும்தான் மனனம் செய்கிறார்கள்.